பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை

அண்மையில் கனடாவில் வசிக்கும் என் தம்பியின் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுக்குத் தெரிவு செய்யவேண்டிய பாடங்களின் பட்டியலை அதனுடன் இணைத்து அனுப்பியிருந்தாள். அப்பட்டியலில் சில பாடங்களின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சின்னஞ்சிறிய பச்சை இலையொன்று பொறிக்கப்பட்டிருந்தது. சைவ உணவுக்கு உணவகங்கள் குறியிடுவது போலத்தான் எனக்குத் தோன்றியது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "பெரியப்பா, இலை போட்ட பாடமெண்டால் நல்லதெண்டு சொல்லுகினம். நிலத்தடி நீரைப் பற்றின பாடத்துக்கு இலை இல்லை. மாக்கெற்றிங் பாடத்துக்கு இருக்கு. நான் எதை எடுக்கிறது?"

முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பட்டியலை அச்செடுத்து இரண்டு நாட்கள் மேசையில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த ஒருவனிடம் நிலத்தடி நீரா சந்தைப்படுத்தலா என்று கேட்டால் அவன் என்ன விடை சொல்வான் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். எனினும், அந்த இலையை யார் போட்டார்கள், எதைப் பார்த்துப் போட்டார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. செய்தித் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு முத்திரை என்றாலே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. பணம் பெற்றுப் பிரசுரிக்கும் கட்டுரையின் மேல் மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "விளம்பரம்" என்று போடுவதும் ஒரு முத்திரைதான்.

இலையின் வரலாறு நான் எண்ணியதைவிடப் பழையது. 1990 ஆம் ஆண்டில் பிரான்சின் தல்லுவார் என்னும் சிற்றூரிலுள்ள ரப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலையத்தில், உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த இருபத்திரண்டு பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடிப் பத்து அம்சப் பிரகடனமொன்றை வெளியிட்டனர். சுற்றாடலைப் பற்றிய அறிவு எல்லாத் துறை மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. பின்னர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் ஒப்பமிட்டன. ஒப்பமிடுவது எளிது. ஒப்பமிட்டவர்கள் செய்தார்களா என்று பார்ப்பதற்கு எந்த அளவுகோலும் அப்போது இருக்கவில்லை.

அந்த அளவுகோலைச் செய்யப் புறப்பட்டது, உயர்கல்வியில் நிலைபேற்றை முன்னேற்றுவதற்கென ஐக்கிய அமெரிக்காவைத் தளமாகக் கொண்டு உருவான 'ஆஷே' என்ற சங்கம். அது 2010 இல் 'ஸ்டார்ஸ்' என்ற மதிப்பீட்டு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மின்சாரம், நீர், குப்பை, உணவு, ஊழியர் சம்பளம், முதலீடு என்று பலவற்றுக்கும் புள்ளியிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாற்றினம் எனத் தரம் வழங்கும் முறை அது. முதலாவது பிளாற்றினம் 2015 இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. நமக்கு இங்கே முக்கியமானது பாடங்களுக்கான பகுதி. 2019 இல் வெளியான பதிப்பின்படி அதற்குப் பதினான்கு புள்ளிகள் வரை உண்டு. பல்கலைக்கழகம் நடத்தும் எல்லாப் பாடங்களிலும் 20 வீதமானவை நிலைபேறு பற்றியனவாக இருந்தால் ஒரு பங்குப் புள்ளி முழுமையாகக் கிடைக்கும். துறைகளில் 90 வீதமானவை அத்தகைய பாடம் ஒன்றையாவது நடத்தினால் மற்றப் பங்கும் கிடைக்கும். தரப்பட்டியலுக்கு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் சிறு விளக்கத்தையும் கொடுக்க வேண்டும். அது எவரும் பார்க்கக்கூடிய வகையில் வெளியிடப்படும்.

இந்த முறை பாடங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முழுமையாக நிலைபேற்றையே பொருளாகக் கொண்டவை ஒருவகை. வேறொரு பொருளைக் கற்பிக்கும்போது அதற்குள் ஓர் அலகையோ தொடர்ச்சியான ஓர் இழையையோ சேர்த்துக்கொண்டவை மற்றவகை. பெறாமகளின் பட்டியலிலுள்ள இலைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தனவாகவே இருக்க வேண்டும். சந்தைப்படுத்தல் பாடத்தில் பசுமை நுகர்வு பற்றி இரண்டு வாரம் இருந்தால் அதற்கு இலை. நிலத்தடி நீர்ப் பாடத்தில் பாறையின் நுண்துளை, நீர்மட்டம், உப்பு ஊடுருவல் எல்லாம் இருந்தும், பாட விளக்கத்தில் நிலைபேறு என்ற கருத்து வெளிப்படையாக இல்லையென்றால் இலை கிடையாது.

இது கவனக்குறைவன்று. ஸ்டார்ஸ் விதியே அப்படித்தான் சொல்கிறது. இரசாயனவியலோ சமூகவியலோ பின்னர் இத்துறையில் உழைப்பவருக்குப் பயன்படும் அறிவைத் தரலாம்; அதற்காக அந்த அடிப்படைப் பாடத்தை நிலைபேற்றுப் பாடமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்கிறது. முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறுபடி வாசித்தபோது அதன் நியாயம் புரிந்தது. அந்த வாயிலைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு பேராசிரியரும் தன் பாடமே உலகைக் காப்பாற்றும் பாடம் என்று எழுதிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் இலை போட்டால் அது இலையே அல்லவே.

ஆனால் வாயிலை அந்தப் பக்கம் மூடியவர்கள் இந்தப் பக்கம் திறந்துவிட்டார்கள். சில பல்கலைக்கழகங்களில் பட்டியல் தயாரிப்பது கணினியின் சொல்தேடலிலிருந்து ஆரம்பமாகிறது. பாட விளக்கங்களுக்குள் 'நிலைபேறு', 'காலநிலை', 'சமத்துவம்' போன்ற சொற்கள் உள்ளனவா என்று தேடுகிறார்கள். முகாமைத்துவப் பாடநூல்களைப் புரட்டியவர்களுக்கு 'நிலைபேறான போட்டி அனுகூலம்' என்ற தொடர் நன்கு பழக்கமானது. ஒரு கம்பனி தன் போட்டியாளரை நீண்டகாலம் பின்தள்ளி வைப்பது எப்படி என்பதே அதன் பொருள். ஆற்றுக்கும் காட்டுக்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. மனிதர் ஒருவர் அமர்ந்து வாசித்துத் தள்ளாவிட்டால் அதற்கும் ஓர் இலை விழுந்துவிடும். வேறு சில இடங்களில் விரிவுரையாளருக்கே ஒரு படிவம் அனுப்பி "உமது பாடத்தில் இது உண்டா" என்று கேட்கிறார்கள். உண்டு என்றால் இலை. தன் தோசைக்குத் தானே சான்றிதழ் எழுதும் கடைக்காரரை நாம் எவ்வளவு நம்புவோமோ அவ்வளவுதான் இதையும் நம்பலாம்.

இந்தச் சொல்லைப் பற்றியே எனக்கொரு பழைய நினைவு உண்டு. 1992 ஜூனில் றியோ டி ஜெனிரோவில் புவி உச்சி மாநாடு நடந்தபோது நான் செய்திப் பிரிவில் மொழிபெயர்ப்புக்கு அமர்த்தப்பட்டிருந்தேன். தொலைச்செய்தி இயந்திரம் கக்கிய தாளில் அந்த ஆங்கிலச் சொல் வரிக்கு வரி வந்தது. 'நிலையான அபிவிருத்தி' என்று எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, எது நிலையா நிக்கப் போகுது எண்டு இதில இல்லையே? அரசாங்கமோ?" என்று கேட்டார். 'நீடித்த', 'தாங்குதிறனுள்ள' என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தோம். பிற்காலத்தில் இலங்கையின் அரசகரும மொழிபெயர்ப்பில் 'நிலைபேறான' என்பது நிலைத்துவிட்டது. 2017 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமும் நிலைபேறான அபிவிருத்தி என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. தமிழகத்தில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதுவே சிறந்த ஆக்கம். எது குன்றக் கூடாது என்று அது சொல்லிவிடுகிறது. ஆசிரியர் அன்று கேட்ட கேள்விக்கு அதில் விடை இருக்கிறது.

இந்தச் சொல்லின் பெயரால் நம் நாட்டில் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 மே 6 ஆம் திகதி இரசாயனப் பசளை, விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுக்கும் வர்த்தமானி வெளியானது. சேதன விவசாயத்துக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவதாக 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லியிருந்ததை ஒரே இரவில் செய்ய முற்பட்டார்கள். பேராதனையின் விவசாய விஞ்ஞானிகள் உள்ளிட்ட பலர் எச்சரித்தனர். நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் கைதவறிவிட்டது. சீனாவிலிருந்து சேதனப் பசளையை ஏற்றிவந்த கப்பலை, தீங்கான கிருமி உண்டென்று காரணம் காட்டித் திருப்பியனுப்பிவிட்டு, பிறகு அதற்கே பல மில்லியன் டொலர் செலுத்திய கதையும் உண்டு. இத்தனைக்கும் 2019 ஒக்டோபரில் இதே கொழும்பில் நிலைபேறான நைதரசன் முகாமைத்துவம் பற்றிய பிரகடனம் நிறைவேற்றப்பட்டிருந்தது. வீணாகும் நைதரசனை 2030 இற்குள் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. குறைப்பதற்கும் ஒழிப்பதற்கும் இடையே என்ன வேறுபாடு என்று அமைச்சரவை மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த பட்டதாரிகளில் ஒருவருக்காவது கற்பிக்கப்பட்டிருந்ததா என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

ஆகவே இலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட என்னால் முடியவில்லை. எந்தப் பாடத்தில் இது கற்பிக்கப்படுகிறது, எந்தப் பட்டதாரி இதைக் கற்காமலே வெளியேறுகிறார் என்பது நாட்டின் அரிசிப் பானையைத் தொடும் விடயம்.

மற்றவர்களைச் சொல்வானேன்? நானும் ஒரு கலைப் பட்டதாரிதான். 2014 இன் இறுதியிலும் 2015 இலும் சுன்னாகம், மல்லாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கும் செய்தி குடாநாட்டை உலுக்கியபோது அலுவலகத்தில் பொறுப்பான இடத்தில் இருந்தேன். பவுசர்களில் நீர் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. நீர் வழங்கல் சபையின் பரிசோதனை ஒன்று சொன்னது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறொன்று சொன்னது. முதலாவது வந்தபோது நச்சு நீர் என்று தலைப்பிட்டேன். இரண்டாவது வந்தபோது ஆபத்தில்லை என்று தலைப்பிட்டேன். இரண்டையும் நான்தான் எழுதினேன்.

ஒரு நாள் மல்லாகத்திலிருந்து கைக்குழந்தையுடன் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு பத்திரிகைகளையும் மடித்துக் கையில் வைத்திருந்தார். "ஐயா, நீங்கள் எழுதினதில எது சரி? பிள்ளைக்கு இந்தத் தண்ணியைக் கொடுக்கலாமோ?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியாது. 'எண்ணெயும் கொழுப்பும்' என்ற பரிசோதனை, கரைப்பானில் கரைந்து வருவது எதுவாயினும் அதை நிறுத்துச் சொல்லும் என்பதும், அது பெற்றோலியமா வேறெதுவுமா என்று பிரித்தறிய வேறு பரிசோதனை வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எந்தக் கிணற்றில், எந்தப் பருவத்தில், எத்தனை ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று கேட்கவேண்டும் என்பதும் தெரியாது. பவுசர்த் தண்ணீரையே கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது ஒரு பத்திரிகையாளன் சொல்லும் விடையன்று, எந்த அயலவரும் சொல்லக்கூடியதுதான். இவ்விவகாரத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட கிணறுகளின் உரிமையாளர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு மின்பிறப்பாக்க நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அத்தீர்ப்பை முழுமையாக வாசித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் என்ன கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பது விளங்கியது. நான்கு ஆண்டுகள் பிந்திவிட்டேன்.

எண்ணெய் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிணறுகளில் இன்னொன்று இருந்தது. குடாநாட்டின் சுண்ணக்கல் நீரைத் தேக்கும், தடுக்காது. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போட்ட யூரியாவும், கிணற்றுக்கு அருகே தோண்டிய மலசலகூடக் குழியும் நைத்திரேற்றாகி அதே நீரில் கலக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல மீறியிருப்பதை 1980 களிலேயே ஆய்வாளர் எழுதிவிட்டனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகமே அந்தச் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. அங்கு மண்ணையும் நீரையும் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறார்கள். அந்தப் பாடங்களுக்கு இலை வேண்டாம். வேண்டியது, சட்டம் படிக்கும் மாணவருக்கும், கணக்கியல் படிப்பவருக்கும், என்னைப் போல வரலாறும் தமிழும் படிப்பவருக்கும் அந்த அறிவின் ஒரு பங்கு போய்ச் சேர்வது. இரண்டாவது வகை இலையின் மெய்யான பயன் அதுதான் என்று நான் நினைக்கிறேன். மண் படிப்பவர் மண்ணைப் படிப்பார். சுன்னாகத்து வழக்கில் வாதாடப் போகிறவரும், மின்நிலையத்தின் வரவுசெலவில் கழிவு எண்ணெய் அகற்றும் செலவு எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய கணக்காளரும் அதை எங்கே படிப்பார்கள்?

இதற்கு இந்தியா வேறொரு வழியை எடுத்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 இல் உச்ச நீதிமன்றம் சுற்றாடற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2003 இல் மறுபடி வற்புறுத்திய பிறகு, எல்லாப் பட்டதாரி மாணவருக்கும் ஆறு மாதப் பாடமொன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. எட்டு அலகுகள், கடைசி அலகு களப்பணி. தாளில் மிக நல்ல பாடம். ஆனால் எல்லாத் துறையாரும் ஒரே நூலைப் படித்து ஒரே வினாவுக்கு விடை எழுதும் பாடம் என்ன கதியை அடையும் என்று சொல்லவா வேண்டும்? சென்னையில் எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், அமில மழையின் வரைவிலக்கணத்தை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்குத் தம் கல்லூரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என வருந்தினார். தனிப் பாடம் தனியாகவே நின்றுவிடுகிறது. கணக்கியல் ஆசிரியர், அது என் வேலையன்று, அதற்கு வேறு பாடம் உண்டு என்று கை கழுவிவிடலாம்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் 2024 இல் சேர்ந்த மாணவர் முதல் கொண்டுவந்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. காலநிலை மாற்றம் பற்றிய பாடம் ஒன்றை எல்லாரும் எடுக்க வேண்டும். ஆனால் அது ஒரே பாடமாக இருக்கத் தேவையில்லை. பல துறைகளும் நடத்தும் பாடங்களுக்கு அந்தத் தகுதியை வழங்குகிறார்கள். அதைப் பெற, உள்ளடக்கத்தில் குறைந்தது 30 வீதம் காலநிலை தொடர்பானதாக இருக்க வேண்டும். விஞ்ஞான அடிப்படை, மனிதர் மீதான தாக்கம், தணிக்கும் வழிகள், செயற்றிட்டம் என்ற நான்கில் இரண்டையாவது தொட வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் தன் பொதுக் கல்வித் தேவைப்பாடுகளுக்குள் நிலைபேற்றைச் சேர்த்தது. முப்பது வீதம் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. பதினைந்து வாரப் பாடத்தில் நான்கரை வாரம். மாணவர் விரல்விட்டு எண்ணலாம். எண்ணிப் பார்த்து, இல்லை என்று முறையிடலாம். 'சார்ந்தது', 'தழுவியது', 'உள்ளடக்கியது' என்ற சொற்களை எவரும் எண்ண முடியாது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று நாம் இருக்க முடியாது. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010 இல் ஆரம்பித்த 'கிரீன்மெற்றிக்' பசுமைத் தரப்படுத்தலில் நம் பல்கலைக்கழகங்கள் சிலவும் பங்குபற்றி வருகின்றன. மொத்தப் பாடங்களில் நிலைபேறு சார்ந்த பாடங்களின் விகிதம் என்ன என்பது அதில் கேட்கப்படும் வினாக்களில் ஒன்று. எனவே எண்ணும் வேலை இங்கும் தொடங்கிவிட்டது. தர உறுதிப்பாட்டுக்கென்று ஏற்கெனவே படிவங்களால் மூச்சுத் திணறும் விரிவுரையாளரின் மேசைக்கு இன்னொரு படிவம் போகும். அவர் ஒரு மாலையில் தன் பாட விளக்கத்தைத் திறந்து, 'நிலைபேறான' என்ற சொல்லைப் பொருத்தமான இடத்தில் ஒருமுறை சேர்த்து, மூடிவிடுவார். விகிதம் உயரும். தரம் உயரும். துணைவேந்தர் பத்திரிகையாளர் மாநாடு வைப்பார். நம்மவர்கள் படம் போட்டுச் செய்தி எழுதுவார்கள். நானும் அப்படிப்பட்ட செய்திகள் பலவற்றை எழுதியவன்தான் என்பதால் அதன் முதற் பந்தி இப்போதே என் மனதில் ஓடுகிறது.

அவ்வாறாகாமல் இருக்க வேண்டுமென்றால், இலை போடும் அதிகாரம் பாடம் நடத்தும் துறையிடம் இருக்கக் கூடாது. வேறு பீடத்தவர் இருவரும், அந்தப் பாடத்தைச் சென்ற ஆண்டு படித்த மாணவர் ஒருவரும் இருந்து பார்க்கட்டும். பாட விளக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், சென்ற ஆண்டின் பரீட்சை வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். பரீட்சையில் வராத எதையும் நம் நாட்டு மாணவர் படிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். கணக்கியல் வினாத்தாளில் மாசடைந்த ஒரு கிணற்றின் செலவு யார் தலையில் விழுகிறது என்றொரு வினா இருந்தால் இலையைக் கொடுக்கலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை அது காலாவதியாகட்டும். விரிவுரையாளர் மாறும்போது பாடத்தின் உயிரும் மாறிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. கலாநிதிப் பட்டம் பெற்ற நண்பரொருவர் என்னிடமே சொன்னார்: "இது கல்விச் சுதந்திரத்தில் கை வைக்கிற வேலை. இண்டைக்கு நிலைபேறு எண்டு சொல்லுவினம், நாளைக்குத் தேசப்பற்று எண்டு இன்னொரு முத்திரை கொண்டுவருவினம்." இதை நான் இலேசாக எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் வெளிச் சக்திகள் கை வைத்தபோது என்ன நடந்ததென்பதை நம் தலைமுறை கண்டிருக்கிறது. அதனால்தான், இலையில்லாத பாடத்துக்கு எந்தக் குறைவும் வரக்கூடாது என்றும், எவரும் தன் பாடத்தை மாற்றும்படி வற்புறுத்தப்படக் கூடாது என்றும் நான் நினைக்கிறேன். இலை மாணவருக்கு ஒரு தகவலாக இருக்கட்டும். பதவி உயர்வுக்கான புள்ளியாக அது மாறிய அன்றே அதன் உண்மை போய்விடும். நண்பருக்கு இந்த விடை முழுத் திருப்தி தரவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை. தகவலாகத் தொடங்கிய எது இந்த நாட்டில் தகவலாகவே நின்றிருக்கிறது என்று அவர் கேட்டபோது என்னால் உதாரணம் காட்ட முடியவில்லை.

பெறாமகளுக்கு இரண்டு பாடங்களையும் எடு என்று பதில் எழுதினேன். நிலத்தடி நீரை அறிவுக்காகவும், சந்தைப்படுத்தலை அந்த இலை மெய்யா பொய்யா என்று வாரம் எண்ணிப் பார்ப்பதற்காகவும் எடுக்கச் சொன்னேன். பத்திரிகைத் தொழிலின் புத்தி அவ்வளவு எளிதில் போகாது. எண்ணிக் குறித்து எனக்கு அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

சென்ற வாரம் பதில் வந்தது. சந்தைப்படுத்தலில் பதின்மூன்று வாரங்களில் ஒரு வாரம். அதுவும் வெளியிலிருந்து வந்த ஒருவரின் விரிவுரை. நிலத்தடி நீர்ப் பாடத்தில் மூன்றாவது வாரம் சுண்ணக்கல் பற்றியது. ஆசிரியர் உலக வரைபடத்தில் சுண்ணக்கல் நீர்தாங்கிகளைக் காட்டியபோது, நம் குடாநாடும் ஒரு புள்ளியாக அதில் இருந்ததாம். வகுப்பு முடிந்தபின் அவரிடம் போய், இந்தப் பாடத்துக்கு ஏன் இலை இல்லை என்று கேட்டிருக்கிறாள். படிவம் வந்தது, நிரப்ப நேரம் கிடைக்கவில்லை என்றாராம்.